வேதவல்லியின் மூக்கு

மல்காஜ்கிரியில் வேதவல்லியின் மூக்குக்கு இருந்த மரியாதை அவள் கணவருக்குக்கூட இருந்ததில்லை. பத்மநாபன் ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டி, ஓய்வு பெற்ற நான்காம் வருஷம் போய்ச் சேர்ந்தார். தெருவில் பாதிப்பேர் அவரை மறந்தாயிற்று. மாமியின் மூக்கை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. எதிர்வீட்டில் கேஸ் கசிவதை இங்கே கோலம் போட்டுக்கொண்டே கண்டுபிடித்தவள் அல்லவா?

அந்த மூக்கு சும்மா வளரவில்லை. பெருமாளுக்குக் காட்டும் முன்பு எதையும் நாக்கில் வைக்கக்கூடாது என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். நாற்பது வருஷமாக அவள் ருசி பார்த்துச் சமைத்ததே இல்லை. உப்பு, புளி, காரம் எல்லாம் கொதிக்கிற ஆவியில் முகத்தை நீட்டித்தான். "உப்புக்கு ஏது மாமி வாசனை?" என்று யாராவது மடக்கினால், "உப்புக்குக் கிடையாது. உப்புப் போட்ட குழம்புக்கு உண்டு" என்பாள். ஊசல் வேறு, சிக்கு வேறு, மக்கல் வேறு, கமறல் வேறு, வீச்சம் வேறு. எல்லாவற்றையும் 'நாத்தம்' என்று ஒரே கூடையில் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

பக்கத்து வீட்டு நஸ்ரினின் தொழில் இந்த மூக்கை நம்பித்தான் நடந்தது. நஸ்ரின் அந்த வீட்டிலேயே பிறந்தவள். அவளுடைய வாப்பா காயல்பட்டினத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். உம்மா ஜெய்னம்பு, வேதவல்லிக்கு முப்பது வருஷச் சிநேகிதி. வாப்பா முன்பே போய்விட்டார். ஜெய்னம்பு பக்கவாதத்தில் படுத்ததும் நஸ்ரின் பேகம்பேட்டில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். உம்மா போன பிறகு, அலுவலக விருந்துகளுக்கு ஸ்டார்ட்டர் செய்து கொடுக்கும் வேலையை ஆரம்பித்தாள். உதவிக்கு மாமி.

அவர்கள் செய்வதில் பேர்போனது ஒன்றுதான். புது அத்திப்பழத்தின் தலையில் சிலுவையாகக் கீறி, பூப்போல விரித்து, நடுவில் ப்ளூ சீஸை ஒரு சுண்டைக்காய் அளவு வைத்து, ஓவனில் எட்டு நிமிஷம் விடுவார்கள். வெளியே எடுத்ததும் மேலே அரைக் கரண்டி அத்திப் பாகு, ஒரு துண்டு அக்ரூட். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழி சொல்லும். ஆகவே ஒவ்வொன்றையும் கீறும்போதே மாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சீஸுக்கு அவள் வைத்த பெயர் நீலகண்டர். அவள் மாமியார் இருந்திருந்தால், ஐயங்கார் வீட்டு நாக்கில் சிவன் பெயரா என்று அதற்கே ஒரு பாட்டம் திட்டியிருப்பார். பாலைத் தோய்க்கக் கன்றுக்குட்டி வயிற்றுச் சாறு சேர்ப்பதும் உண்டு என்று கேள்விப்பட்டபோது இரண்டு பேருமே முகத்தைச் சுளித்தார்கள், அவரவர் காரணத்துக்காக. தேடிப்பிடித்து, செடிச் சாறு விட்டுத் தோய்க்கிற ஒரு மலைப் பண்ணையிலிருந்து வரவழைத்தார்கள். அப்படியும் வேதவல்லி அதை வாயில் போட்டதில்லை. பூஞ்சணம் பூத்த பாலை வாயில் போடுவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஆனால் நீலகண்டரை அவளைப்போல் அறிந்தவர் கிடையாது. அதைக் கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. கெட்டுப்போன மாதிரி இருப்பதுதான் அதன் அழகே. நல்லதில் மழைக்கால மண் வாடையும் பழைய நெய் வாடையும் இருக்கும். கெட்டதில் மூத்திர வாடை ஏறும். டப்பாவைத் திறந்து மாமி தலையாட்டினால் போதும், நஸ்ரின் மறுபேச்சுப் பேச மாட்டாள்.

இதில் அந்தப் பாகின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜெய்னம்பு ஒவ்வொரு ரமலானுக்கும் உலர்ந்த அத்தியை ஊறவைத்து, உடன்குடிக் கருப்பட்டியில் காய்ச்சி, சுக்கும் ஏலமும் இன்னும் ஏதேதோ போட்டு ஒரு பாகு செய்வாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் வேதவல்லிக்கு வரும். பழமும் கருப்பட்டியும்தானே, அதில் என்ன தோஷம் என்று வேதவல்லி மாமியாருக்குத் தெரியாமல் இருபது வருஷம் சாப்பிட்டாள். சாப்பிடாதது நஸ்ரின்தான். விதை பல்லில் நறநறவென்று கடிபடுகிறது என்று, சின்ன வயசிலிருந்தே ஒரு வாய் தொட்டதில்லை; பாகு காய்கிற வேளையில் சமையலறைப் பக்கமே போக மாட்டாள். ஜெய்னம்பு கெஞ்சியும் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். வாப்பா போன வருஷத்தோடு பாகு காய்ச்சுவதையே விட்டுவிட்டாள்.

நஸ்ரின் முதன்முதலில் அத்திப்பழம் சாப்பிட்டது முப்பத்தாறு வயசில், வேலையை விட்டபோது அலுவலகத்தில் கொடுத்த பிரிவு விருந்தில். ப்ளூ சீஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாயில் போட்டுவிட்டாள். அந்த உப்பும் இந்தத் தித்திப்பும் சேர்ந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாளாம். இதையா இத்தனை வருஷம் வேண்டாமென்றோம் என்று, மறுநாளே உம்மாவிடம் செய்முறை கேட்க உட்கார்ந்தாள். ஜெய்னம்புக்குப் பேச்சு நின்று அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. எதையோ சொல்ல வாய் கோணியது, கை ஆடியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். எழுதிவைத்த சீட்டும் எங்கும் இல்லை.

ஆக, அந்தப் பாகின் வாசனையை அறிந்த ஒரே மூக்கு உலகத்தில் மிச்சமிருந்தது வேதவல்லியிடம். உம்மா மௌத்தான பிறகு நஸ்ரின் ஏறக்குறைய மாசம் ஒரு தடவை காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவாள். கிராம்பு போட்டாள், ஜாதிபத்திரி போட்டாள், பன்னீர் தெளித்தாள், ஒரு தடவை நன்னாரி வேர்கூடப் போட்டாள். மாமி ஆவியை இழுத்துப் பார்த்து, "இல்லேடி. கிட்ட வந்துடுத்து. ஆனா ஏதோ ஒண்ணு குறையறது" என்பாள். அது என்ன என்று அவளுக்கும் பெயர் சொல்லத் தெரியவில்லை. வந்தால் கண்டுகொள்வாள், அவ்வளவுதான். பத்து தடவை அப்படி ஆயிற்று. பத்து தடவையும் உண்மையைத்தான் சொன்னாள்.

இந்த ஜனவரியில், போகிக்கு மூன்று நாள் முன்பு வேதவல்லிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் விட்டும்விட்டது. போகி விடியற்காலையில் தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிகின்றன, கண் கரிக்கிறது, மூக்கில் மட்டும் ஒன்றுமே இல்லை. சளி என்று நினைத்தாள். பொங்கலன்று நெய்யில் முந்திரி கருகியது கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பெருமாளுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அந்தத் தட்டை முகத்தோடு ஒட்டிப் பிடித்து மோந்து பார்த்தாள். மூக்கு நுனி சுட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊராரைச் சொன்ன வாய் அது. பூஜை அறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

யாரிடமும் சொல்லவில்லை. தானாகத் திரும்பும் என்று ஒரு டாக்டர் சொன்னார். அவரே அடுத்த தடவை, திரும்பாமலும் போகலாம் என்றார். கண் போனால் பிறர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள், காது போனால் சத்தமாகப் பேசுவார்கள். மூக்கு போனவளுக்கு யார் என்ன செய்வார்கள்? "மூக்குத்தானே மாமி" என்று சிரிப்பார்கள். மூக்கைத் தவிர தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாதபோது, அதைப் போய் யாரிடம் சொல்வது? சமையலைக் கைப்பழக்கத்தில் ஓட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், கொஞ்ச நாளைக்கு.

ஜனவரி இருபத்தேழாம் தேதி நஸ்ரின் பதினோராவது பாகைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வந்தாள். மறுநாள் உம்மாவின் முதல் வருஷ ஃபாத்திஹா, அவள் நினைவாக ஓதுகிற நாள்.

"மாமி, இதுதான் கடைசி. இதுலயும் இல்லேன்னா நான் விட்டுடறேன். எனக்கு அழுது அழுது முடியல."

வேதவல்லி ஆவியில் முகத்தை நீட்டினாள். சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது. வழக்கம்போல் இல்லை என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உடனே, "கிட்ட வந்திருக்கா, தூரப் போயிருக்கா? என்ன குறையுது?" என்று கேட்பாள் நஸ்ரின். என்ன சொல்வது? அதைவிட, அந்தப் பெண்ணின் முகம். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறாள்.

"அதேதான்டி. அதே வாசனை. ஜெய்னம்பு கை."

நஸ்ரின் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு மாமியின் தோளில் சாய்ந்து அழுத அழுகை, தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து அந்த அளவுதான் அளவு. நோட்டில் மையால் எழுதி, மேலே 'உம்மா பாகு' என்று கோடு போட்டாள். அதன் பிறகு போன ஒவ்வொரு தட்டிலும் நீலகண்டரின் தலையில் அதுதான் ஏறியது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். வேதவல்லியின் புளுகு மார்ச் முதல் வாரம் வரை வந்தது.

அப்போது ரமலான். பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணி விருந்துக்கு நூற்றிருபது உருப்படி கேட்டிருந்தார்கள். நோன்பு வைத்தவர்கள் சமைக்கும்போது நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நஸ்ரின் அதற்கு இணங்க மாட்டாள். "மாமி மூக்கு இருக்கறப்போ எனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்பாள். ஒருத்தி நோன்பால் ருசி பார்க்கவில்லை; இன்னொருத்தி வழக்கத்தால் ருசி பார்க்கவில்லை. எந்தச் சமையலறையிலும் நடக்காத தப்பு இங்கே நடக்க இதுவே போதாதா?

அதோடு நஸ்ரினுக்கு அன்று ஜலதோஷமும் சேர்ந்துகொண்டது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பழங்களைக் கீறினாள். வேதவல்லி சீஸ் டப்பாவைத் திறந்தாள். போன விருந்துக்குப் பிரித்து மீதமிருந்த டப்பா. ஓரம் கொஞ்சம் பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுத்தது. நீலகண்டர் எப்போதும் இப்படித்தானே இருப்பார்? மூக்கருகே கொண்டுபோனாள். பழக்கத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

"என்ன மாமி, சரியா இருக்கா?"

"ம். நன்னா இருக்கு."

நஸ்ரின் இரண்டு பெரிய தட்டுகளோடு ஆட்டோவில் கிளம்பிப்போனாள். நாலு மணிக்குப் போன் வந்தது, அழுகிற குரலில். பிந்து என்று அந்த அலுவலகத்துப் பெண், எல்லார் எதிரிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கேட்டாளாம், இதைச் சாப்பாடு என்று கொண்டுவந்தாயா, பாத்ரூம் நாற்றம் அடிக்கிறதே என்று. ஒருவர் வாய் வைத்து உமிழ்ந்தும்விட்டார். தட்டுகள் அப்படியே திரும்பின.

"என் தப்புத்தான் மாமி," என்றாள் நஸ்ரின், வீட்டுக்குள் வரும்போதே. "வெயில்ல ஆட்டோ சிக்னல் சிக்னலா நின்னுச்சு. ஐஸ் வெச்சு எடுத்துட்டுப் போயிருக்கணும். நீங்க மோந்து பாத்துக் குடுத்ததை நான் வழியில கெடுத்துட்டேன்."

வேதவல்லி தட்டுகளை வாங்கி மேடையில் வைத்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் பட்ட அவமானம் பேகம்பேட்டில் யாரும் பட்டிருக்க முடியாது. தான் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பாத்திரம் தேய்க்கிறாள். இவள் ஈரத்துணியால் மேடையைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி.

சாயங்காலம் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. நஸ்ரினின் புருஷன் யூசுப் சனத்நகர் தொழிற்சாலையிலிருந்து வர எட்டு மணி ஆகும். ஆகவே ரமலான் முழுக்க நஸ்ரின் நோன்பு திறக்கும்போது துணைக்கு உட்காருவது வேதவல்லிதான். பாங்கு கேட்டதும் நஸ்ரின் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு, இந்த ரமலான் தொடங்கிய நாளிலிருந்து செய்வதுபோல, உம்மா பாகில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுக்காகவே நாளெல்லாம் பசிக்கலாம் மாமி. உம்மா பக்கத்துல உக்காந்து திறக்கற மாதிரி இருக்கு."

ஒவ்வொரு நாளும் இதைக் கேட்டு வேதவல்லி தலையாட்டிவைப்பாள். இன்று எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

நஸ்ரின் திரும்பிவந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பாகை வழித்துவிட்டு, சீஸை மட்டும் நுனிநாக்கில் வைத்தாள். உடனே ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"மாமி. இது ரெண்டு மணி நேர வெயில்ல கெட்டது இல்ல. டப்பாவுல இருக்கறப்பவே கெட்டிருக்கு. என் ஜலதோஷத்துக்கே இவ்ளோ அடிக்குதே. உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?"

வேதவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மூக்கு போயிடுத்துடி."

"என்னது?"

"வாசனையே தெரியலை. கற்பூரம் தெரியலை, பெருங்காயம் தெரியலை, ஒண்ணுமே தெரியலை. இன்னிக்கு நான் மோந்ததெல்லாம் வேஷம். உன்னை நாலு பேர் நடுவுல நிக்க வெச்சுட்டேன். நீ உன் தப்புன்னு சொல்றச்சேகூட வாயை மூடிண்டு கேட்டுண்டிருந்தேன்."

நஸ்ரின் கத்தவில்லை. ஓடிவந்து தரையில் மண்டியிட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மாமி, இதை ஏன் சொல்லல? தனியாவா வெச்சுக்கிட்டு இருந்தீங்க? ஆர்டர் போனா போகட்டும், நக்கோ, அது எனக்கு வேணவே வேணாம். டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். வரலாம், வராமலும் போகலாம்னார்."

"வரும். நாளைக்கே வேற டாக்டரைப் பாக்கலாம். யூசுப்பை லீவு போடச் சொல்றேன்." முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள். "எப்போலேர்ந்து மாமி?"

"போகிக்கு முன்னாடி காய்ச்சல் வந்ததே."

முதுகில் இருந்த கை நின்றது.

அந்தக் கணக்கைப் போட நஸ்ரினுக்கு நேரம் ஆகவில்லை. ஆனால் போட்ட கணக்கை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள். மேஜைமேல் பாகுப் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது.

"இல்ல. காய்ச்சல் உம்மா ஃபாத்திஹாவுக்கு அப்புறம்தானே மாமி வந்துச்சு? எனக்குத்தான் மறந்து போச்சு. ஃபாத்திஹாவுக்கு அப்புறம்தானே? ஹவ்னு சொல்லுங்க."

ஹவ் என்றால் ஆமாம். ஒரே ஒரு சொல். வேதவல்லியின் நாக்கு நுனியில்தான் இருந்தது. இத்தனை பொய்யில் இன்னொன்று சேர்ந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் இந்தப் பெண் உயிரோடு இருக்கும்வரை, ரமலான் தவறாமல், அந்தப் பொய்யைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டு, உம்மா உம்மா என்று கண்ணை மூடிக்கொள்வாளே என்று நினைத்தபோது அவளால் முடியவில்லை.

"இல்லேடி, கண்ணா. முன்னாடிதான்."

நஸ்ரின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் நோன்பு திறக்கறப்ப மனசுக்குள்ள உம்மாகிட்ட சொல்லுவேன் மாமி. கண்டுபிடிச்சிட்டேன் உம்மா, இப்போ சாப்பிடறேன் பாருங்கன்னு." மேஜைமேல் இருந்த போத்தலைப் பார்த்தாள். "நான் யார் பாகைச் சாப்பிட்டேன்?"

வேதவல்லி அழுதாள். மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது; அதைச் சொல்லக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள். நஸ்ரின் கோபித்துக்கொண்டு வெளியே போ என்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி மாமி. மூக்குத்தானே போச்சு? ஞாபகம் இருக்கும்ல? இருபது வருஷம் சாப்பிட்டீங்களே. கண்ணை மூடிக்கிட்டு யோசிங்க. எப்படி இருக்கும் அது? எதோட வாசனை மாதிரி? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும், நான் தேடிக்கிறேன்."

வேதவல்லி கண்ணை மூடினாள். கிண்ணம் தெரிந்தது, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் கிண்ணம். சுவருக்கு மேல் நீண்ட ஜெய்னம்புவின் ஈரக்கை தெரிந்தது. "சூடா இருக்கு, பாத்துப் புடி" என்ற குரல்கூடக் கேட்டது. பாகின் நிறம் தெரிந்தது, விதைகள் மினுங்கியது தெரிந்தது. கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனாள். அங்கே ஒன்றுமில்லை. இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எதன்மேல் எதை வைக்கிறோம் என்றே தெரியவில்லை.

"நன்னா இருக்கும்டி," என்றாள். "ரொம்ப நன்னா இருக்கும்."

நஸ்ரின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.